மோந்தேயில் பார்க்க ஒன்றுமில்லை

செயின்ட் ஹீலியர், ஜெர்சி தீவு
6 பிப்ரவரி 1983

அன்புள்ள இதலினா அக்காவுக்கு,

இது உன் கைக்கு வரும் நேரம் உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இங்கே வெயில் இல்லாததைத் தவிர வேறு குறை இல்லை. சூரியன் எட்டிப் பார்க்கிற அன்று ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பயணச்சீட்டு விற்கும் கடையில் சேர்ந்தேன் அல்லவா? வருகிற குளிர்காலத்திலிருந்து எங்கள் கடை நம் தீவுக்கு, ஃபுன்ஷாலுக்கு ஆட்களை அனுப்பப்போகிறது. வருகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் வேண்டுமாம். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீதான் அந்த ஊர்க்காரியாச்சே, நீயே எழுதிக் குடு. நான் எங்க மொழியில மாத்திக்கிறேன்" என்றார். அக்கா, நம் வீட்டில் புத்தகம் படித்தவர்களே கிடையாது. நான் ஒன்று எழுதவே போகிறேன்!

உட்கார்ந்தால் கை நிற்கவில்லை. சந்தை, துறைமுகம், வாழைப்பழம் வைத்துப் பொரித்த கறுப்பு வாளை மீன், பெரிய வீதியில் ஊதாப் பூ கொட்டும் மரங்கள் எல்லாம் தானாக வந்துவிட்டன. ஆனால் நான் ஊரை விட்டு வந்து பதினோரு வருஷம். எது இருக்கிறது, எது போயிற்று என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் சந்தையையும் நம் மோந்தே குன்றையும் பற்றிய பக்கங்களை அனுப்புகிறேன். கோவிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த கல் இருக்கை இருக்கிறதா? இரண்டாவது வளைவில் கூடைவண்டிக்காரர்கள் பொஞ்சாச் சாராயம் குடிக்க நிற்பார்களே, அந்தக் கடை?

கஸிமிரோ அத்தான் சுகமா? வண்டியை விடும்போது இன்னும் மூன்று சீழ்க்கை அடிக்கிறாரா?

உன் இரண்டு கன்னங்களிலும் முத்தத்துடன்,
ஸுல்மிரா

—

மோந்தே, ஃபுன்ஷால்
14 மார்ச் 1983

அன்புத் தங்கை ஸுல்மிராவுக்கு,

முழங்கால் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும்.

உன் பக்கங்களைப் படித்தேன். சந்தையில் மீன் விற்கும் பெண்ணுக்கு அதில் இரண்டு வரி கொடுத்திருக்கிறாய். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கும் எனக்கு ஒரு வரி இல்லை. போகட்டும். கூடைவண்டிப் பக்கத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார்:

"வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வைக்கோல் தொப்பி அணிந்த இருவர் பிரம்புக் கூடைக்குள் உங்களை உட்காரவைத்து, பின்னாலிருந்து கயிறு பிடித்துத் தள்ளி, மலைத்தெருவில் வழுக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் கிளம்பும் முன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி மூன்று முறை சீழ்க்கை அடிப்பார். வளைவில் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். அவருடைய முறை வரும்வரை காத்திருந்து ஏறுங்கள்."

இது வழிகாட்டிப் புத்தகமா, கல்யாணத் தரகர் சீட்டா? வருகிற வெள்ளைக்காரிக்கு என் புருஷன் கன்னக்குழி எதற்கு? நாங்கள் கல்யாணத்துக்கு முன்னால் பேசிக்கொண்டு நடந்த நாட்களில் அம்மா உன்னை எங்கள் பின்னால் அனுப்பினாள். அவர் கை என் இடுப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அனுப்பினாள். நீ இரண்டடி பின்னால் வந்துகொண்டு கழுத்து நரம்பை எண்ணியிருக்கிறாய்.

நீ கேட்டவற்றுக்குப் பதில்: கல் இருக்கையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். வளைவுக் கடையை மூடி வருஷக்கணக்காகிறது. இரண்டையும் எடுத்துவிடு.

இங்கே ஒரே மழை. நேற்று உன் அத்தான் வளைவுக் கடையில் ஒதுங்கி நாலு பொஞ்சாவை உள்ளே தள்ளிவிட்டு நனைந்தபடி வந்து சேர்ந்தார். இன்று முழுக்கத் தும்மல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
இதலினா

—

செயின்ட் ஹீலியர்
10 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் தும்மல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். மூடிய கடையில் ஒதுங்கினால் நனையத்தான் செய்யும்.

நீ சொன்னபடி இருக்கையை எடுத்துவிட்டேன், கடையையும் எடுத்துவிட்டேன். கன்னக்குழியையும் எடுத்துவிட்டேன். சீழ்க்கை மட்டும் இருக்கட்டும் என்று முதலாளியம்மா சொல்கிறார், அவருக்கு அது பிடித்துவிட்டது. நீ ஒரு வரி கேட்டாயே, "மோந்தேயில் நல்ல பூவேலைத் துணி வாங்க இதலினாவின் வீட்டைக் கேளுங்கள்" என்று சேர்த்திருக்கிறேன். சந்தோஷமா?

இன்னொன்று சொன்னால் துள்ளிக் குதிப்பாய். புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரிதானா என்று நேரில் பார்த்துவர முதலாளியம்மா என்னை டிசம்பரில் அனுப்பப்போகிறார். பண்டிகைக்கு நான் ஊரில் இருப்பேன், அக்கா! புது வருஷ வாணவேடிக்கை வரைக்கும். ஒற்றை ஆள்தானே, எனக்கு உன் வீட்டில் ஒரு மூலை போதும்.

அத்தானிடம் சொல்லிவை. சின்ன வயதில் ஒரு தடவை கூடையில் உட்காரவைத்து இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "இது காசு குடுக்கிறவங்களுக்கு, உனக்கில்ல" என்று விரட்டினார். இப்போது காசு கொடுக்கிறவளாக வருகிறேன். என்ன சொல்கிறார் பார்ப்போம்.

சீக்கிரம் பதில் போடு. உனக்காக இங்கே ஒரு கம்பளிச் சால்வை பார்த்துவைத்திருக்கிறேன்.

ஸுல்மிரா

—

மோந்தே
29 மே 1983

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பூவேலை குவிந்து கிடந்தது. அது பாதிக் காரணம்தான், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று, நீ முதலில் அனுப்பிய அந்தப் பக்கங்கள் அவர் கையில் கிடைத்துவிட்டன. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று உனக்குத் தெரியும். என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்குதே!" என்றார்.

"ஏன், எனக்கு இல்லையா?" என்றேன்.

"உனக்கு இப்ப என் சட்டை அழுக்குதான் ஞாபகம். அந்த கன்னக்குழி வருதே, அதை இன்னொரு தடவை படி."

இன்னொரு தடவை படித்தேன், ஸுல்மிரா. வயிறு பற்றி எரிந்தது. அந்த மனிதர் அடுத்த நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நான் தினமும் அவர் பூட்ஸின் தேய்ந்த ரப்பர் அடியை ஒட்டித் தைக்கிறேன், வெள்ளை உடுப்பை வெளுக்கிறேன், முதுகுக்குத் தைலம் தேய்க்கிறேன். அதற்கெல்லாம் ஒரு நாளும் அவர் கண்ணாடி முன் நின்றதில்லை.

இப்போது புத்தக விஷயம். கூடைவண்டியை நிறுத்திவிட்டார்கள். தெருவில் மோட்டார் வண்டி அதிகமாகிவிட்டதாம், ஆபத்தாம். இனி இறக்குவது இல்லை. அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துவிடு. வண்டியே இல்லாதபோது நீ வந்து பார்த்துச் செல்லவும் ஒன்றும் இல்லை. டிசம்பரில் காற்று வேறு. விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போகிறது. வீண் அலைச்சல்.

சால்வை வேண்டாம். இங்கே யாருக்குக் குளிர்கிறது?

இதலினா

—

செயின்ட் ஹீலியர்
9 ஜூன் 1983

அக்கா,

கடிதம் கிடைத்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வண்டி நின்றுவிட்டதா? அத்தானுக்கு அதைத் தவிர வேறு தொழில் தெரியாதே! உங்களுக்கு எப்படி நடக்கிறது? இங்கே உருளைக்கிழங்கு வயலில் வேலை செய்கிற நம் தீவுக்காரர்களைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களும் ஊர்ப்பக்கம் போய் நாளாகிறது.

புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. மோந்தே மாதா மேல் ஆணையிட்டுச் சொல். நிஜமாகவே நின்றுவிட்டதா?

ஸுல்மிரா

—

மோந்தே
21 ஜூன் 1983

ஸுல்மிராவுக்கு,

சுகம். மாதாவை எதற்கு இதில் இழுக்கிறாய்? நான்தான் எழுதினேனே. அவர் கீழே ஒரு தோட்டத்தில் வாழைக்குலை வெட்டப் போகிறார். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அச்சில் போடு.

இதலினா

—

செயின்ட் ஹீலியர்
2 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் திடமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீண்ட நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை, என்னிடமிருந்தும்தான்.

இத்துடன் புத்தகம். பச்சை அட்டை. பின்பக்கம் சின்ன எழுத்தில் என் பெயர் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத் தேடு. சந்தைக்கு இரண்டு பக்கம், துறைமுகத்துக்கு ஒன்று, எங்கே எந்த மீன் சாப்பிடலாம் என்று ஒன்று. நம் குன்றுக்கு மூன்று வரிதான் மிஞ்சியது. அதை உனக்காக நம் மொழியில் எழுதுகிறேன்:

"நகருக்கு மேலே மோந்தே என்ற குன்று உள்ளது. முன்பு இங்கிருந்து கூடைவண்டிகள் இறங்கின; இப்போது நின்றுவிட்டன. கோவிலைத் தவிர மோந்தேயில் பார்க்க ஒன்றுமில்லை."

உன் பூவேலை வரியும் போய்விட்டது. குன்றுக்கே ஆள் வராதபோது உன் வீட்டை யார் கேட்பார்கள் என்றார் முதலாளியம்மா. அதே காரணம் சொல்லி டிசம்பர் பயணத்தையும் நிறுத்திவிட்டார். மூன்று வரியைச் சரிபார்க்க விமானச் சீட்டு எதற்கு?

சால்வையை நானே போட்டுக்கொள்கிறேன். இங்கே குளிர்கிறது.

ஸுல்மிரா

—

மோந்தே
20 நவம்பர் 1983

ஸுல்மிரா,

சுகம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

உங்கள் ஆட்கள் வந்து இறங்கியாயிற்று. பச்சைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தையில் திரிகிறார்கள், மீன் தின்கிறார்கள், மேலே மட்டும் ஏறுவதில்லை. போன வாரம் கோவில் பார்க்க வந்த ஒரு கிழட்டு ஜோடி, படிக்கட்டின் அடியில் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுப் புத்தகத்தை நீட்டியிருக்கிறது. வண்டிக்காரர்களில் ஒருவனுக்கு அந்த மொழி தெரியும். படித்துக் காட்டிவிட்டான். பின்பக்கத்தில் உன் பெயர். நீ யாருடைய கொழுந்தியாள் என்று தெரியாதவர்கள் இந்தக் குன்றில் உண்டா?

கூடையை ஒற்றை ஆள் இறக்க முடியாது. இரண்டு பேர் பிடித்தால்தான் வளைவில் திரும்பும். அவரோடு இத்தனை வருஷம் ஜோடி போட்ட ஃபவுஸ்தினோ கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "உம்ம கொழுந்தியா எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டாய்யா! நீரு வேற ஆளைப் பார்த்துக்கும்" என்று தள்ளிப்போய் நின்றுவிட்டான். வேறு எவனும் வரவில்லை. முறை வருகிறது, அவர் கூடையின் ஒரு பக்கம் நிற்கிறார், மறுபக்கம் ஆள் இல்லை, அடுத்த வண்டி அவரைத் தாண்டிப் போகிறது. மாலையில் வீட்டுக்கு வந்தார். வெள்ளை உடுப்பு நான் காலையில் கொடுத்தபடியே ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது.

"இந்தா பாரு இதலினா, இனிமே அவ பேரை இந்த வீட்டுல எடுக்காதே. வெளிநாடு போயிட்டா ஊரையே கொன்னுடுவாளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார்.

உண்மையை எழுதுகிறேன், நீ என்னைத் திட்டு. அதைக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. கன்னக்குழி பேச்சு ஒழிந்தது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் மறுநாளும் அப்படியே வந்தார், அதற்கு மறுநாளும். துவைக்க வேண்டாத அந்த உடுப்பை வாங்கி மடித்து, காலையில் மறுபடி அவரிடமே கொடுக்கிறேன்.

வண்டிக்காரர்களுக்கு நீ ஒரு கடிதம் போடு. என்ன வேண்டுமானாலும் எழுது. என் கடிதங்கள் எல்லாம் உன்னிடம் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

இதலினா

—

செயின்ட் ஹீலியர்
29 நவம்பர் 1983

அக்காவுக்கு,

வண்டிக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். நான் ஊரை விட்டு வந்து பல வருஷமாகிறது, யாரோ சொன்னதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது, கஸிமிரோவுக்கு இதில் சம்பந்தமில்லை, மன்னிக்க வேண்டும் என்று. முதலாளியம்மாவிடமும் அதையே சொன்னேன். மீதிப் புத்தகங்களில் அந்த மூன்று வரியின் மேல் சரியான விவரத்தை அச்சடித்து ஒட்டுகிறார்கள். இனி வேறு புத்தகத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

உன் கடிதங்களை அத்தானுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் உறையில் போட்டு ஒட்டினேன். தபால்பெட்டி வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்தேன், அவ்வளவுதான்.

கல் இருக்கையும் கடையும் பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். வண்டி விஷயத்தில் நம்பினேன். தன் வீட்டு அடுப்பை அணைக்கிற பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நீ என்மேல் பொறாமைப்பட்டாய் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. அக்கா, உன் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வளர்ந்தவள் நான். முன்னால் நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள், என்ன பேச்சு என்று எனக்குக் கேட்காது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. உனக்கு மனிதரே கிடைத்துவிட்டார். எனக்கு அந்த வழி மட்டும் கிடைத்தது. அதையும் இருக்கை ஒன்று, கடை ஒன்று, வண்டி ஒன்று என்று நீ இடித்துக்கொண்டே வந்தாய். எனக்கும் எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதற்காக நான் ஒன்றையும் இடிக்கவில்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

ஸுல்மிரா

—

மோந்தே
9 டிசம்பர் 1983

ஸுல்மிராவுக்கு,

உன் குளிருக்கு நல்ல சூப்பாகக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஃபவுஸ்தினோ கோவில் படிக்கட்டில் நின்று உரக்கப் படித்தான். "குளிர் தேசத்துக்குப் போனா மூளை நமுத்துப்போயிடும், பாவம், விடுங்கடா" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த முறைக்கே ஃபவுஸ்தினோ வந்து மறுபக்கக் கயிற்றைப் பிடித்தான். அன்று சாயங்காலம் உடுப்பில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்குமாக வந்தார். அவ்வளவு அழுக்கை நான் சந்தோஷமாகத் துவைத்தது அதுதான் முதல் தடவை.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் அன்றிலிருந்து, "தப்புன்னு தெரிஞ்சதும் எப்படி ஒத்துக்கிட்டா பாரு! அதுக்கு ஒரு மனசு வேணும்" என்று ஆரம்பித்துவிட்டார். காலையில் மனசு, மாலையில் மனசு. கன்னக்குழியே தேவலை என்று ஆகிவிட்டது. நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

நேற்று பண்டிகைக்குக் கரும்புப்பாகு கேக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து வாதுமை உடைத்துக்கொண்டே மறுபடியும் மனசைத் தொடங்கினார். என்னால் முடியவில்லை.

"வண்டி நின்னுபோச்சுன்னு அவளுக்கு எழுதினது நான்தான்" என்றேன்.

"என்னது?"

"வண்டி, கடை, கல் இருக்கை, எல்லாமே நான்தான். நீங்க வாழைக்குலை வெட்டப் போறதாவும் எழுதினேன்."

"எதுக்குடி?"

"உங்க கன்னக்குழிக்கு."

வாதுமையைக் கீழே வைத்தார். கத்துவார், மாவுச் சட்டியைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். ஊரே ஒதுக்கிவைத்து அத்தனை நாள் நின்றவர், கேட்க எவ்வளவோ இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அப்ப பண்டிகைக்கு அவ வரமாட்டாளா?"

கேட்டாயா, ஸுல்மிரா? மாவை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற கேக் என்பதால் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன். மறுபடி தொட்டார், அப்போது விட்டுவிட்டேன்.

அதனால் நீ வா. உன் முதலாளியம்மா அனுப்பாவிட்டால் போகிறாள். சீட்டுக்கு நான் வழி பண்ணுகிறேன். நீ அங்கேயே இருந்தால் இவருக்கு நீ எந்நாளும் பின்னல் போட்ட சின்னப் பெண், பெரிய மனசுக்காரி. உன்னோடு என்னால் போட்டி போட முடியாது. இங்கே வந்து என் மேசையில் எனக்கு எதிரே உட்கார். சூப்பை உறிஞ்சு. மீன்காரியோடு விலைக்குச் சண்டை போடு. ஏதாவது ஒன்றுக்கு அவர்மேல் சள்ளென்று விழு. முப்பத்து நாலு வயதுப் பெண் எப்படி இருப்பாள் என்று அவரும் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். உன்னைப் பார்த்தும் நாளாயிற்று.

படுக்கைக்குக் கவலைப்படாதே. நீ என் கட்டிலில் என்னோடு படுத்துக்கொள். அவர் கூடத்தில் படுப்பார், இன்று காலையே சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

எரிச்சலோடும் ஆசையோடும்,
இதலினா